வெட்டிய பத்துப் பூவும் மிஞ்சிய ஒன்றும்

மகள்,

கவரின் மேலிருக்கும் எழுத்தைப் பார்த்து இது யார் எழுதியது என்று நீ யோசித்திருப்பாய். சில எழுத்துப் பெரிது, சில எழுத்துச் சிறிது, வரி மேலே ஏறிக் கீழே இறங்குகிறது. இது உன் வாப்பா எழுதியது. நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியதல்ல. என் கை, என் பென்சில். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறிப்போகிறது. செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கினேன். இன்று புதன். நாளைக் காலைத் தபாலில் சேர்த்தால்தான் வெள்ளிக்கிழமை தெல்தெனியவில் உன் கைக்குக் கிடைக்கும். சனிக்கிழமை நீ கண்டிக்கு வந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வதற்கு முன்னால் இதை நீ வாசித்திருக்க வேண்டும். அதனால் பிழை திருத்திக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. நீயே திருத்தி வாசித்துக்கொள்.

வாப்பாவுக்கு எழுதத் தெரியும்தானே, இதில் என்ன புதுமை என்று நீ கேட்பாய். தெரியாது மகள். போன நோன்புப் பெருநாள் வரை எனக்கு ஓரெழுத்தும் தெரியாது. காதில் பென்சிலும் மடியில் கொப்பியும் வைத்துக்கொண்டு முப்பது வருடம் பொட்டணி மூட்டை சுமந்து துணியும் ரேந்தைப் பின்னலும் விற்றேன். அந்தக் கொப்பிக்குள் இருந்ததெல்லாம் கோடும் வட்டமும். எனக்கு மட்டும் விளங்கும் குறிகள். உன் நிக்காஹ் அன்று என் வலது கை விரல்களில் துணி சுற்றியிருந்தது நினைவிருக்கிறதா? கத்தி வெட்டிவிட்டது என்று சொல்லி, கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தேன். கத்தியும் வெட்டவில்லை, ஒன்றும் வெட்டவில்லை. உன் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் வெட்கம். அவ்வளவுதான். நீ அன்று என் கையைப் பிடித்துப் பார்த்து, "நோவுதா வாப்பா?" என்று கேட்டாய்.

முழங்கால் போய்ப் பொட்டணியை இறக்கி வைத்த பிறகு, கண்டியில் முருகேசு என்ற தையற்காரரின் கடையில்தான் பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். அவர் தினமும் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார். ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. "நானா, இன்னைக்கு நீங்க வாசிங்க, நான் கேக்குறேன்" என்று பத்திரிகையை என் மடியில் வைத்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றேன். தன் கண்ணாடியைக் கழற்றித் தந்தார். தப்பிக்க வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தையல் சுண்ணாம்பை எடுத்துக் கறுப்புத் துணித் துண்டில் ஓரெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் கேலி தொடங்கியது. "அறுபத்துமூணு வயசுல 'அ' போடுறீங்க. எழுபதுல மெய்யெழுத்து முடிஞ்சிரும். எண்பதுல உங்கள அரசாங்கக் கச்சேரிக்குக் கிளாக்கரா அனுப்பிடுறேன்" என்பார். அனுப்பட்டும், போகிறேன்!

மகள், எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! கண்டித் தெருவில் ஒரு பலகையையும் விடாமல் வாசித்துக்கொண்டு நடக்கிறேன். சவர்க்காரச் சுற்றுத்தாள், நெருப்புப்பெட்டி, மருந்துப் போத்தல், எல்லாம் பேசுகின்றன. பஸ் நிற்கும் இடத்துச் சுவரில் பெரிதாக ஏதோ எழுதியிருக்கும், தெரியும்தானே? அந்த நிழலில் நின்று வருடக்கணக்காக வெற்றிலை துப்பியிருக்கிறேன். இப்போது வாசித்தேன். 'இங்கே துப்பக் கூடாது.' அந்த இடத்திலேயே நின்று தனியாகச் சிரித்தேன். போகிறவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. முன்பெல்லாம் உன் கடிதங்களை பள்ளிவாசல் லெப்பையின் மகனிடம் கொடுத்து, "கண்ணு தெளிவில்ல, வாசிச்சுச் சொல்லு" என்று கேட்டுக்கொள்வேன். இந்த முறை உன் உம்மாவை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் கதிரையில் உட்கார வைத்து நானே வாசித்தேன். அரை நாள் ஆனது. சோறு குழைந்துவிட்டது. உம்மா ஏசவில்லை. நீ எழுதியிருந்தாய்: கண்டியில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ரேந்தை வேலை சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் தேடுகிறார்கள். மாப்பிள்ளைக்கும் சம்மதம். ஆனால் பெரிய டீச்சர், கடையில் விற்கும் மாதிரியைப் பார்த்துச் செய்தது வேண்டாம், சொந்தமாகப் போட்ட மாதிரி ஒன்றைக் கொண்டு வா என்கிறார். அதற்குக் கீழே நீ எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். 'எனக்குச் சொந்தமாகப் போட வராது என்று வாப்பாவுக்குத் தெரியும். ஒரு தடவை போட்டுப் பட்ட வெட்கம் போதும். பங்களாத் துரைசாணி தந்த பழைய மாதிரித் தாள்களை அனுப்புங்கள். அதைப் பார்த்து அப்படியே ஒன்று செய்து காட்டுகிறேன். அது போதாது என்றால் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.'

நான் எழும்பி அலுமாரியின் மேலிருந்த அந்தத் தாள்களின் கட்டை எடுத்தேன். ஒன்பது வருடத் தூசி. நூலை அவிழ்த்தேன். தாள்களுக்கு நடுவே நாலாக மடித்த சின்னக் கடதாசி ஒன்று இருந்தது. அது என்னவென்று பார்த்த உடனே தெரிந்தது. அதை நான் வாசிக்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் அதை நான் ஏற்கெனவே உனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன் அல்லவா?

அந்தக் காலத்தை நான் நினைக்கிற மாதிரியே நீயும் நினைக்கிறாயா என்று தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்கு அப்போது பதினாறு வயது. காலியில் பிறந்த உன் உம்மா அங்கே ஒரு பறங்கிப் பெண்ணிடம் கற்ற ரேந்தையை உனக்கும் பழக்கியிருந்தாள். விரலளவு எருமைக்கொம்பு ஓடத்தில் நூலைச் சுற்றி, இடது கை விரல்களில் வளையம் பிடித்து, முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போவீர்கள். மேல் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் ஒருநாள் நான் பொட்டணியை விரித்தபோது, அவர் மனைவி துரைசாணி உன் வேலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவருடைய மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தார்கள். மணப்பெண் தலையில் போடும் வலைத்துணிக்கு ஓரம் வேண்டும். இருபத்துநான்கு பூக்கள். தன் தாயார் சீமையில் வைத்திருந்த பழைய மாதிரித் தாள்கள் ஒரு கட்டைக் கொண்டுவந்து, அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நின்றார். யாழ்ப்பாணத்தார், வெள்ளை உடுப்பு, கையில் எப்போதும் ஒரு மணிக்கூடு. "வாசிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன். "நல்லது. ஏதும் எண்டால் தமிழில எழுதித் தாறன். அம்மா சொல்லுறத நான் எழுதுவன்" என்றார். அந்த 'தெரியும்'தான் எல்லாவற்றுக்கும் காரணம். அதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட எடுக்கவில்லை.

அந்தத் தாள்களை நீ எப்படிப் பார்த்தாய் என்பது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மஞ்சளாகிப்போன தாள்கள், ஓரம் பூச்சி அரித்தவை. நீ அவற்றைப் பார்த்தவுடன் ஓடத்தை எடுக்கவில்லை. இரண்டு நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு பூவின் பாதியைக் கையால் மூடி மற்றப் பாதியை மட்டும் பார்த்தாய். தாளைத் தலைகீழாகப் பிடித்தாய். அடுப்படி ஜன்னலில் இருந்த ஒரே கண்ணாடியில் ஒரு தாளை எச்சில் தொட்டு ஒட்டி வைத்து, அதன் மேல் இன்னொரு தாளை வைத்து, வெளிச்சத்தில் இரண்டு படங்களும் ஒன்றுக்குள் ஒன்று தெரிவதைப் பார்த்தாய். "இங்க பாருங்க வாப்பா, இந்தப் பூட இதழும் அந்த ஓரமும் வெட்டிப் போற இடத்துல புதுசா ஒண்டு ஈக்கிது" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அடுத்தவங்கட சாமான். எச்சில் பட்டு ஒட்டாம எடு" என்று ஏசினேன். நீ தாள்களை இறக்கினாய். ஆனால் பார்த்ததை நீ மறக்கவில்லை.

அடுத்து நடந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான் நடக்கும். துரைசாணி காட்டிய தாளில் பூ வளரும் விதம் நான்கு படங்களாக ஒரே வரிசையில் இருந்தது. நடுவளையம் முதலில், பிறகு இதழ், பிறகு அடுத்த சுற்று, கடைசியில் ஓரம். சீமை வழக்கப்படி இடமிருந்து வலம். நீயோ அப்போது குர்ஆன் மட்டும் ஓதப் பழகிய பிள்ளை; தமிழெழுத்தைக் கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையிடம்தான் பழகினாய். உன் கண் வலப்பக்கம்தான் போய் நின்றது. உம்மாவின் கண்ணும் அப்படியே. அதனால் ஓரத்தை முதலில் செய்து, அதிலிருந்து உள்நோக்கிப் போனாய். பாதிக்கு மேல் போனபோதுதான் எங்கேயோ உதைக்கிறது என்று உனக்குத் தெரிந்தது. ஓடத்தில் போட்ட இரட்டை முடிச்சை அவிழ்க்க முடியாது, வெட்டத்தான் வேண்டும் என்று உம்மா சொன்னாள். நீ வெட்டவில்லை. ஜன்னலில் பார்த்த அந்த இதழை நடுவில் கொண்டுவந்து சேர்த்தாய். இதழ்களெல்லாம் வெளியே விரியாமல் உள்ளே குனிந்து, நடுவில் பட்டாணி அளவு ஒரு கண் திறந்திருந்தது. "பிழையாத்தான் தொடங்கினேன் வாப்பா. ஆனா இத வேணுமெண்டுதான் முடிச்சேன்" என்றாய். எனக்கு அந்தப் பூ பிடித்திருந்தது. இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மிகவும் பிடித்திருந்தது.

அந்த முதல் பூவை மாதிரிக்குக் காட்ட பங்களாவுக்குக் கொண்டுபோனேன். துரைசாணி உள்ளே இருந்தார். கிராணிதான் பின்வாசலில் வாங்கினார். தாளில் உள்ள படத்தையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார். "இது அம்மா தந்த மாதிரி இல்லையே! என்ன வேலை பாத்துக் கொண்டு வந்திருக்கிறியள்? பேச்சு வாங்கப் போறியள்" என்றார். எட்டு நாள் கழித்து வரச் சொன்னார். அந்தப் பங்களா போனால் அதைச் சுற்றியிருக்கும் நாலு பங்களாவும் போய்விடும் என்று பயம். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ பாட்டுக்கு இன்னும் பத்துப் பூச் செய்து வரிசையாக வெள்ளைத் துணியில் அடுக்கி வைத்திருந்தாய்.

எட்டாம் நாள் கிராணி கடதாசியைத் தந்தார். உன் பூ அதில் குண்டூசியால் குத்தியிருந்தது. தேயிலை நிறுக்கும் மணி அடித்துவிட்டது. அவருக்கு அவசரம். "எல்லாம் எழுதியிருக்கு, வாசிச்சுப் பாத்துச் செய்யுங்கோ" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார். நான் பாதையோரத்தில் நின்று கடதாசியை விரித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. முடிவுக்குக் கிட்ட ஓரிடத்தில் மட்டும் அடியில் இரண்டு கோடு, பேனை கடதாசியைக் கிழிக்கிற மாதிரி அழுத்திப் போட்டிருந்தது. கோபம் இல்லாமல் யார் அப்படிக் கோடு போடுவார்கள்? பூவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கிராணி முன்பே சொன்னார். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வரும் வழியில் நம் ஊர் அலவத்துகொட சந்தியில் வாசிக்கத் தெரிந்த கடைக்காரர்கள் மூன்று பேரைக் கடந்து வந்தேன். மூன்று பேரும், "எப்படி நானா, வியாபாரம்?" என்று கேட்டார்கள். ஒருவரிடம் நீட்டியிருக்கலாம். மடியில் கொப்பி, காதில் பென்சிலோடு எப்படி நீட்டுவது?

வீட்டுக்கு வந்து, துரைசாணி ஏசி எழுதியிருக்கிறார் என்றேன். நீ எழுந்து நின்றாய். "என்னெண்டு எழுதியிருக்காங்க? அவங்க சொன்ன மாதிரியே வாசிங்க வாப்பா" என்றாய். அவ்வளவுதான் நீ கேட்டது.

நான் வாசித்தேன் மகள். கடதாசியை முகத்துக்கு நேரே பிடித்து, இல்லாத வார்த்தைகளை வாசித்தேன். 'இது பிழை. நான் தந்த தாளில் உள்ளபடி செய்யத் தெரியாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன். சொந்தப் புத்தியைக் காட்ட வேண்டாம்.' அந்தக் கடைசி வரி ஏன் என் வாயில் வந்தது என்று ஒன்பது வருடமாக எனக்கு விளங்கவில்லை. பெரிய மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பேன். உம்மா என்னைப் பார்த்தாள். நீ துணியை இழுத்துக் கத்தரிக்கோலை எடுத்தாய். நல்ல நூலாவது மிஞ்சட்டும் என்று ஒவ்வொரு பூவாக முடிச்சுக்கு நடுவே வெட்டினாய். பத்துப் பூவையும் வெட்டினாய். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கோப்பை காலியான பிறகும் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு இருபத்துநான்கு பூவையும் தாளில் உள்ளபடி அச்சுப் போலச் செய்தாய். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். துரைசாணி விறாந்தையில் நின்று வெகுநேரம் பார்த்தார். உள்ளே போய்விட்டார். கிராணி, "அம்மாவுக்கு மனசுக்குப் பிடிக்கேல்லப் போல. ஆனால் இனி ஏன் எதுக்கெண்டு கேட்டு என்ன, கலியாணம் கிட்ட வந்திட்டுது. இந்தத் தாளெல்லாம் செய்த பிள்ளையே வச்சிருக்கட்டுமாம்" என்றார். பிடிக்காதவர் ஏன் தாள்களைத் தருகிறார் என்று அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். உன்னிடம் வந்து, "துரைசாணிக்குப் பெரிய சந்தோஷம். பாத்தியா, சொன்னபடி செஞ்சா மரியாதை" என்றேன். அதன் பிறகு நீ தாளைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்ததில்லை. கண்டிக் கடையில் வாங்கிய மாதிரிகளை ஒரு முடிச்சுக்கூட மாறாமல் செய்தாய். உன் வேலை சுத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பெருமைப்பட்டேன். நீ எதை விட்டுவிட்டாய் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். அந்தக் கடதாசி கையில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்காமல் மடித்து வைத்திருக்கலாம். ஒரு நிமிடம் மடிக்கவும் செய்தேன். பிறகு சுவரில் துப்பாதே என்று எழுதியிருந்ததைக்கூட விடாமல் வாசித்தவன் இதை விடுவதா என்று விரித்தேன். உம்மா எதிரே இருந்தாள். விரல் வைத்து வைத்து வாசித்தேன். 'நீர் கொண்டுவந்த பூவை அம்மா பார்த்தார். முதலில் பிழை என்று எண்ணினார்.' அங்கே நிறுத்தினேன். மகள், உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிழை என்றுதான் எழுதியிருக்கிறது. நான் சொன்னது பெரிய பொய்யல்ல, சொல்தான் கொஞ்சம் கூடிவிட்டது என்று ஆறுதல். முற்றத்துக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். உம்மா கடதாசியை மறுபடி என் கையில் தந்தாள். "மிச்சத்தயும் வாசிங்க" என்றாள்.

மிச்சம் இதுதான். 'பின்பு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தம்முடைய தாயார் வைத்திருந்த தாள்களில் இப்படி ஒன்று இல்லையென்றும், அவற்றைவிட இதுவே அழகென்றும் சொல்கிறார். இருபத்துநான்கையும் இதே மாதிரியாகச் செய்யவும். ஒன்றையும் மாற்றக் கூடாது. மாதிரிக்காகப் பூவைத் திருப்பி அனுப்புகிறோம். இதைச் செய்த பிள்ளையின் பெயரைக் கீழே எழுதி அனுப்பவும். அம்மா அறிய விரும்புகிறார்.'

இரண்டு கோடு போட்டிருந்தது 'மாற்றக் கூடாது' என்பதன் கீழே.

உம்மாதான் பேசினாள். "அண்டைக்கி நீங்க வாசிக்கல்ல எண்டு எனக்குத் தெரியும். ஓதுற ஆளுட கண்ணு வரியோட போகும். ஒங்கட கண்ணு ஒரே எடத்துல நிண்டிச்சி." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பிள்ளைக்கு முன்னால ஒங்கட மானத்த வாங்கவா? ஏச்சுத்தான் ஈக்கும் எண்டு நானும் நெனச்சேன். வாசிக்காமலே சரியாச் சொல்லியிருப்பீங்க எண்டு நெனச்சேன்." பிறகு, "ஒங்கட மானத்துக்காகத்தான் பிள்ளை பத்துப் பூவயும் வெட்டினா" என்றாள். கல்யாணம் செய்து முப்பத்தொரு வருடத்தில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. பிறகு எழும்பி அலுமாரியைத் திறந்து, தன் பெருநாள் உடுப்புக்கு அடியிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தாள். அதற்குள் குண்டூசியோடு வந்த அந்தப் பூ இருந்தது. நீ பத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது பதினொன்றாவதை அவள் மறைத்துவிட்டாள். ஊசி குத்திய இடத்தில் சின்னதாகத் துரு. மற்றபடி அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் நான் நேரில் வந்து சொல்லியிருக்கலாம். தெல்தெனிய பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாம். ஆனால் என்னை எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்தவுடன் வாய் தானாக ஒரு கதை கட்டும். கிராணி பிழையாகச் சொன்னார் என்பேன், மழையில் எழுத்து அழிந்திருந்தது என்பேன். முப்பது வருடம் வாயால் வியாபாரம் செய்தவன். எழுதும்போது அப்படி முடியவில்லை. ஓரெழுத்தை இழுத்து முடிப்பதற்குள் அது பொய்யா மெய்யா என்று தெரிந்துவிடுகிறது. நேற்று ஒரு வரி எழுதினேன், 'எனக்கும் அப்போது வேறு வழியிருக்கவில்லை' என்று. திரும்ப வாசித்தேன். வழி இருந்தது. சந்தியில் மூன்று கடை இருந்தது. அழித்துவிட்டேன். கடதாசியில் அந்த இடம் கறுத்திருப்பதைப் பார்ப்பாய்.

எழுதும் தகப்பன்மார் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்களாம். முருகேசு சொன்னார். உனக்குச் சொல்ல என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல். முதல் தடவை சொல்லும்போது மட்டும்தான் அது தொண்டையில் நிற்கும். நான் தையற்கடையில் சொன்னபோது வானம் இடிந்து விழவில்லை, ஒரு சுண்ணாம்புக் கட்டிதான் கிடைத்தது. மற்றது, உனக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லாதே. 'எனக்குச் சொந்தமாகப் போட வராது என்று வாப்பாவுக்குத் தெரியும்' என்று எழுதியிருக்கிறாய். வாப்பாவுக்கு அப்படித் தெரியாது. வாப்பாவுக்குத் தெரிந்தது வேறு. அந்தப் பழைய தாள்களை யாரும் பார்க்காத விதமாக நீ பார்த்தாய். அவற்றை வைத்திருந்த அம்மாவுக்கே அவற்றில் இல்லாத ஒன்றை எடுத்துக் காட்டினாய். பட்ட வெட்கம் போதும் என்கிறாயே, அந்த வெட்கம் உன்னுடையதல்ல. அது என்னுடையது. உன் தலையில் கட்டிவிட்டு நான் தேத்தண்ணி குடித்தேன். இப்போது அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். எனக்கு மன்னிப்புத் தருவதும் தராததும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு வேறு நாள் இருக்கிறது. சனிக்கிழமை ஒன்றுதான்.

நீ கேட்ட தாள்களை அனுப்புகிறேன். ஒன்றும் குறையவில்லை. மேலே இருக்கும் இரண்டை மட்டும், நீ அன்று கண்ணாடியில் வைத்த மாதிரி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஓரத்தில் நூலால் தைத்திருக்கிறேன். முருகேசுவின் ஊசி, என் தையல். சரியாகப் பொருந்தியிருக்கிறதா தெரியாது. ஜன்னலில் வைத்துப் பார். எச்சில் பட்டால் படட்டும். வெள்ளிக்கிழமை ஒரு பகல் உனக்கு இருக்கிறது. ஒரு பூவுக்கு உனக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. புதிதாகப் போடாவிட்டாலும் இதோடு அனுப்பும் உம்மாவின் கைக்குட்டையில் இருப்பதைக் கொண்டு போ. துருவைக் கழுவாதே.

சனிக்கிழமை காலை பஸ் வரும் நேரம் நான் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிற்பேன். துப்ப மாட்டேன். பள்ளிக்கூட வாசல் வரை உன்னோடு வருவேன், உள்ளே வர மாட்டேன். இதை யார் போட்டது என்று பெரிய டீச்சர் கேட்கும்போது, பக்கத்தில் நின்று பதில் சொல்ல நான் வேண்டாம். அதை நீ சொல்ல வேண்டும்.

கிராணி எழுதிய அந்தக் கடதாசியையும் இதோடு வைக்கிறேன். நான் சொன்னதை நம்பாதே, நீயே வாசி. அதன் அடியில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருந்தார்கள். ஒன்பது வருடம் அது வெறுமையாகக் கிடந்தது. கேட்டவர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்களோ, இருக்கிறார்களோ இல்லையோ தெரியாது. கேட்டதற்குப் பதில் எழுதாமல் விடக் கூடாது என்று இன்று காலை அந்த இடத்தில் எழுதிவிட்டேன். பென்சில் வேண்டாமென்று முருகேசுவிடம் பேனையை இரவல் வாங்கி, முதலில் துணியில் ஏழு தடவை எழுதிப் பழகி, பிறகுதான் கடதாசியில் எழுதினேன். எட்டாவது தடவை நன்றாக வந்தது.

செய்தவள் பெயர் ஸுஹைரா. அலவத்துகொட. என் மகள்.

வாப்பா